கிளாடிஸ் டீச்சரின் பாவ மூட்டை

கிளாடிஸ் டீச்சர் ஒரே ஒரு கத்தல் கத்தி, போத்தனூர் சந்திப்பில் ஓடிக்கொண்டிருந்த முழு ரயிலையே நிறுத்தியிருக்கிறாள். மதுக்கரையிலிருந்து சிமென்ட் ஏற்றி வந்த கூட்ஸ் ரயில். தலை ஒரு ஊரிலும் வால் ஒரு ஊரிலும் கிடக்கிற நீளம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அவள் கத்துவதற்கு முன்பே ரயில் நின்றுவிட்டது. ஆனால் அதிலிருந்து டூட்டி முடிந்து இறங்கிய கார்டு, சிவப்புக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தது மட்டும் சத்தியம். கத்தியது அவருடைய மனைவி. அவள் கத்தியதும் சும்மா இல்லை.

“என் பாவத்தை எங்கே கொண்டுபோய் வெச்சீங்க?”

நல்ல வெயில் நேரத்தில், கோயில் வளாகத்தில், கையில் காலிச் சாக்குடன் நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டால் யார்தான் ஓடி வரமாட்டார்கள்? அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதுதான் கதை.

நடந்தது தொண்ணூற்றாறாம் வருஷத்து மே மாதம். கிளாடிஸுக்கு அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. மிஷன் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்து மணி ஒரு நாள் விரிசல் விட்டுப்போக, தலைமையாசிரியை புது மணி வாங்கவில்லை. கிளாடிஸை வராந்தாவில் நிற்கவைத்து, “பிள்ளைகளா, வாங்க” என்று சொல்லச் சொன்னார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வந்தன என்பார்கள்.

மே மாதம் பள்ளிக்கு விடுமுறை, கிளாடிஸுக்கு இல்லை. அவளுடைய கோயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, வி.பி.எஸ். என்றால்தான் தெரியும். காலையில் கைதட்டிப் பாட்டு, அப்புறம் கதை, கலர் காகிதத்தை வெட்டி ஒட்டும் வேலை, பதினோரு மணிக்கு ஆரஞ்சு நிறத்தில் ஜூஸ். அந்த ஜூஸுக்காகவே எந்தச் சாமியைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளையும் வந்துவிடும். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகள்தான் பாட்டுகளை முதலில் மனப்பாடம் செய்யும்.

வி.பி.எஸ்.ஸின் மகுடம் கிளாடிஸ் டீச்சரின் பாவ மூட்டை. நொய்யல் ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாவத்தின் பெயர், ரயில்வே சிவப்புப் பெயின்டில், முத்து முத்தான டீச்சர் கையெழுத்தில். பொறாமை, களவு, கோபம், கோள், சோம்பல், பெருமை. எல்லாவற்றிலும் பெரியது பொய். கடைசி நாளன்று இவற்றைச் சாக்கில் கட்டி, பிள்ளைகள் முறைவைத்து முதுகில் சுமந்துகொண்டு கோயிலைச் சுற்றி வரவேண்டும். மூச்சு வாங்கும், முதுகு வளையும். கடைசியில் மேடையில் நட்டிருக்கும் மரச்சிலுவையின் அடியில் சாக்கைக் கவிழ்க்க வேண்டும். பொத்து பொத்தென்று கற்கள் விழும்.

“இப்ப எப்படி இருக்குது?” என்பாள் கிளாடிஸ்.

“லேசா இருக்குதுங்க டீச்சர்!”

“அவரு உங்க பாவத்தை எடுத்துக்கிட்டாரு. இனி அது உங்களுது இல்ல. ஓடுங்க!”

பிள்ளைகள் ஓடும். அம்மாக்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். ஆயர் தேவசகாயம் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

இதெல்லாம் எல்லோரும் பார்ப்பது. யாரும் பார்க்காதது ஒன்று உண்டு. கூட்டம் கலைந்ததும் கிளாடிஸ் தனியாக வந்து, அந்தக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, மொபெட்டின் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். கட்டிலுக்கு அடியில், அவள் படுக்கும் பக்கமாகத் தள்ளி வைப்பாள். அடுத்த வருஷம் வேண்டுமே! டீச்சர் வீட்டில் எதுதான் வீணாகும்? அவள் புருஷன் வின்ஸ்டன் வருஷம் முழுக்க அதில் கால் இடித்துக்கொள்வார்.

“ஊருக்கெல்லாம் பாவம் போகுது. நம்மூட்டுல மட்டும் என் சுண்டுவிரல் போகுது” என்பார்.

மூட்டையைத் தள்ளிவைக்க மட்டும் அவள் விடுவதில்லை. பொய் என்று எழுதிய அந்தப் பெரிய கல்லைப் பிள்ளைகள் சுமக்கவும் விடுவதில்லை. “கனம் கண்ணு, உனக்கு ஆகாது” என்று அதைத் தானே தூக்கிக்கொள்வாள்.

காரணம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை.

அப்போது வின்ஸ்டனின் அம்மா எஸ்தர் ஆஸ்துமாவில் கட்டிலோடு கிடந்தார். மாதக்கணக்கில் அவருக்கு வெந்நீர் வைத்து, முதுகு தடவி, இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவள் கிளாடிஸ்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை மாமியாருக்குக் கொஞ்சம் தேவலை. வின்ஸ்டனும் வீட்டில் இருந்தார். கிளாடிஸுக்கு ஒரு சினிமா பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. கோயில் கமிட்டிக்காரர் வீட்டு மருமகள், மாமியார் படுத்திருக்கும்போது படத்துக்கா? “டவுன்ல உபவாச ஜெபக் கூட்டமுங்க, போய்ட்டு வந்தர்றேன்” என்றாள். போனது மேட்னி. திரும்பி வந்தபோது வாசலில் செருப்புகளாகக் கிடந்தன.

ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு அழுது தீர்த்திருந்தால் போயிருக்கும். ஆனால் அந்தப் பொய்க்கு ஊர் பட்டுச்சேலை கட்டிவிட்டது. மருமகள் உபவாசமிருந்து ஜெபித்த அதே நேரத்தில் மாமியாரின் ஆத்துமா சமாதானமாகப் பிரிந்தது என்று அடக்க ஆராதனையிலேயே ஆயர் சொன்னார். பெண்கள் சங்கச் செயலாளர் அருள்செல்வி, ‘அந்த நேரம் கிளாடிஸ் முன்னால ஒரு வெளிச்சம் வந்துச்சாம்’ என்று ஒரு வெளிச்சத்தையும் சேர்த்துவிட்டாள். வருஷா வருஷம் பிரசங்கத்தில் அந்த வெளிச்சம் ஒரு சுற்று பெருத்தது. கிளாடிஸ் வாயைத் திறந்து மறுக்கப் போனால், “பாருங்க, என்னா தாழ்மை!” என்பார்கள்.

அன்றிலிருந்து அவள் திருவிருந்து எடுக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது, கிளாடிஸ் பின்னறையில் பிள்ளைகளோடு இருப்பாள். “யாராச்சும் பிள்ளைகளைப் பார்த்துக்கோணுமல்ல.” சில மாதம் பல்வலி, இல்லாத பல்லெல்லாம் வலித்தது. அதற்கும் சபையில் நல்ல பெயர்தான். பிள்ளைகளுக்காகத் திருவிருந்தையே தியாகம் செய்கிறவள்! குனியக் குனியப் பெயர் ஏறிக்கொண்டே போனது. பெயர் ஏற ஏற அவள் இன்னும் குனிந்தாள். மன்னிப்பைப் பற்றி அவளைப்போல் பாடம் நடத்த அந்த ஜில்லாவில் ஆளில்லை. தனக்கு மட்டும் அது கிடையாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இந்த இடத்தில்தான் மோகனப்பிரியா வருகிறாள்.

கிளாடிஸ் வீட்டுக்கு எதிரே லேத் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமியின் மகள். பத்து வயது. வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பத்தோடு பழனிக்குப் போவாள். மே மாதமானால் வி.பி.எஸ்.ஸுக்கு வருவாள். கேள்வி கேட்பதில் அவளுக்கு அலுப்பே கிடையாது. நான்காம் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க அவளைச் சமாளித்த களைப்பு இன்னும் கிளாடிஸுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்தது. பிள்ளைகள் ஜூஸுக்கு ஓடின. கிளாடிஸ் குனிந்து கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் எதிரே இரட்டைச் சடை.

“டீச்சர், அதை ஏனுங்க திருப்பி எடுக்கறீங்க?”

“நாளைக்கு வேணுமல்ல கண்ணு.”

“நாளைக்கு முடிஞ்சப்பறம்?”

“அடுத்த வருசத்துக்கு வேணும்.”

மோகனப்பிரியா யோசித்தாள். “அடுத்த வருசத்துக்கு நாங்க புதுசாப் பாவம் செய்ய மாட்டமுங்களா? இந்தப் பழசே எதுக்குங்க?”

“கல்லுக்குத்தான் அம்மணி பழசு புதுசு. போ, போய் ஜூஸைக் குடி.”

“ஏசுசாமி எடுத்துக்கிட்டாரு, இனி உங்களுது இல்லைன்னு சொன்னீங்கல்ல. அவருதுன்னா நீங்க எப்படீங்க டீச்சர் தொடறது? எங்கப்பா போன வருசம் பழனியில கைத்தவறுதலா மோதரத்தை உண்டியல்ல போட்டுப்போட்டாரு. ஊட்டுக்கு வந்து எங்கம்மா ஒரே சண்டை, போய் வாங்கிட்டு வாங்கன்னு. உண்டியல்ல உளுந்தது இனி நம்மளுது இல்ல, சாமிதுன்னு எங்கப்பா சொல்லிப்போட்டாரு. முடிஞ்சுபோச்சு. அம்மாவே இப்பக் கேக்கறதில்லீங்க.”

“அது வேற, இது வேற.”

“எப்படீங்க டீச்சர் வேற?”

பதில் தெரியாத டீச்சர்கள் எல்லோரும் சொல்கிற பதிலைத்தான் கிளாடிஸும் சொன்னாள். “முதல்ல போய்க் கையைக் கழுவு.”

அன்று வீட்டில் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். வின்ஸ்டன் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. மூட்டை வழக்கம்போல் கோயிலைச் சுற்றியது, சிலுவையடியில் கவிழ்ந்தது, அம்மாக்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பரிசு கொடுத்தார்கள். ஜூஸ் கொடுத்தார்கள். பெற்றோர்களை வழியனுப்பிவிட்டு, கிளாடிஸ் காலிச் சாக்கோடு மேடைக்கு வந்தாள்.

சிலுவை இருந்தது. கற்கள் இல்லை.

மேடைக்கு அடியில் பார்த்தாள். ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காத்த பொருள். அப்போதுதான் அந்தக் கத்தல்.

ஆயர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அருள்செல்வி ஜூஸ் குவளையோடு ஓடி வந்தாள். வின்ஸ்டன் கொடியோடு வந்ததைத்தான் சொல்லியாயிற்று. எல்லோருக்கும் முன்னால் மோகனப்பிரியா வந்து நின்றாள், முழங்கை வரை சிமென்ட்.

“நாங்கதானுங்க டீச்சர். பத்தரமா வெச்சிருக்கறோம். வாங்க, காட்டறேன்.”

கோயிலுக்குப் பின்னால் சபைக்குப் புதுக் கழிப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் ராமுலு தரைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பாவத்தைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்திருந்தன.

“பசங்க கேட்டாங்கம்மா” என்றார் ராமுலு, கரண்டியை மறைத்துக்கொண்டு. “எனக்கும் நிரவறதுக்கு நாலு கல்லு கொறைஞ்சிருந்தது. தப்பா போச்சா?”

“கக்கூஸுக்கா?” என்றார் ஆயர்.

“இங்கன்னா யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்கல்லங்க” என்றாள் மோகனப்பிரியா. “எடுக்கோணும்னா கக்கூஸை இடிக்கோணும்.”

கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள். களவு போய்விட்டது. கோபம், சோம்பல், பெருமை எல்லாம் போய்விட்டன. ஈரக் கான்கிரீட்டில் பெரிய கல்லின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. ‘பொய்’ என்ற சிவப்பு எழுத்து, அவளுடைய சொந்தக் கையெழுத்து, வெயிலில் மினுங்கியது. மோகனப்பிரியா ராமுலுவின் கரண்டியை வாங்கிக் கலவையை அள்ளினாள்.

“இது மட்டும் பெருசு, அமுங்கலை. மூடிரட்டுங்களா டீச்சர்?”

கேள்வி அவ்வளவுதான். சரி கண்ணு என்று சொன்னால் முடிந்தது. கிளாடிஸால் சொல்ல முடியவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் அப்படியே நம்பியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள்தான் நம்பாமல் சாக்கோடு நிற்கிறாள். கரண்டியிலிருந்து கலவை சொட்டிக்கொண்டிருந்தது.

“இரு கண்ணு” என்றாள். பிறகு வின்ஸ்டன் பக்கம் திரும்பினாள். அவள் வாழ்நாளிலேயே மெல்லப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும். “ஏனுங்க. உங்கம்மா போன அன்னிக்கு நான் ஜெபத்துக்குப் போகலீங்க. மேட்னிக்குப் போயிருந்தேன்.”

முதலில் வாய் திறந்தது அருள்செல்வி. “அப்ப அந்த வெளிச்சம்?”

“இடைவேளைக்கு லைட்டு போட்டாங்க, அருள்.”

ஆயர் அருகில் கிடந்த செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். எத்தனை வருஷத்துப் பிரசங்கம்!

வின்ஸ்டன் கொடியை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். “தெரியும்” என்றார்.

“என்னங்க?”

“அடக்கம் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல நீ துணி தொவைச்சுக்கிட்டே ஒரு பாட்டை முணுமுணுத்தே. உபவாச ஜெபத்துல அந்தப் பாட்டைப் பாடியிருக்க மாட்டாங்க. அது வில்லனோட கொகையில ஆடற பாட்டு.”

ராமுலு சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

“தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலீங்களே?”

“கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய்யாயிரும். கொஞ்ச நாள் உம்மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலை. அப்பறம் ஒருநா எங்கம்மா சேலையை மடிச்சுக்கிட்டே நீ அழுதுட்டிருந்தே. அன்னிக்கு உட்டுப்போட்டேன். நீ அதை இன்னும் கட்டிலுக்கடியில வெச்சிருக்கறது எனக்கெப்படித் தெரியும்? கால்ல இடிச்சது எல்லாம் வெறும் கல்லுன்னு நெனைச்சேன்.”

கிளாடிஸுக்கு இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பன்னிரண்டு வருஷம் அவள் கேட்கப் பயந்தது அதைத்தான். “என்னைக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. கிளாடிஸ் எங்கேன்னாங்க. ஜெபத்துக்குப் போயிருக்கறான்னேன். பசியோட வருவா, சோத்தைப் போட்டு மூடி வைன்னாங்க. மூடி வெச்சேன். அவ்வளவுதான்.”

மூடி வைத்த தட்டு ஒன்று அன்று அடுப்படியில் இருந்தது கிளாடிஸுக்கு நினைவு வந்தது. யாருக்கென்று கேட்காமலே அதைக் கழுவி வைத்தவளும் அவள்தான். சாக்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், முகமெல்லாம் மண்ணானது.

“டீச்சர்” என்றாள் மோகனப்பிரியா, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு. “காய்ஞ்சுபோயிருமுங்க.”

“மூடு கண்ணு” என்றாள் கிளாடிஸ். “நல்லா அமுக்கி மூடு.”

மூடினாள். ராமுலு மட்டப்பலகையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவு பெரிய கல் இருந்த இடம் தெரியவில்லை.

ஆயர் எழுந்து வேட்டியைத் தட்டினார். “நாளைக்குப் பிரசங்கத்துக்கு வெச்சிருந்த உதாரணம் போச்சே, டீச்சர்.”

“அதுக்குப் பதிலா இதைச் சொல்லுங்க ஐயா. கக்கூஸுன்னு மட்டும் சொல்ல வேண்டாம்.”

“அதைச் சொல்லாம எப்படி? அதுதானே விசேஷம்!”

வின்ஸ்டனுக்கு மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். “அந்தப் படத்துக்கு எனக்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம்” என்று வீடு போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அன்று கட்டிலைச் சுற்றி நடந்தபோது காலில் எதுவும் இடிக்காததால் தடுமாறி விழப் பார்த்தார்.

பாவ மூட்டைப் பாடம் இன்றும் நடக்கிறது. கிளாடிஸ் இப்போது வருஷா வருஷம் புதுக் கற்களுக்காக ஆற்றுக்குப் போகிறாள், பழையவற்றைத் தொடுவதில்லை. சபையில் கட்டுமான வேலை எது நடந்தாலும் கல் பஞ்சமில்லை. போன வருஷம் சுற்றுச்சுவரே எழும்பிவிட்டது. மோகனப்பிரியா ஏழாவது படிக்கிறாள். இப்போது அவள் கேட்கும் கேள்விகளுக்கு, கையைக் கழுவச் சொல்லி ஒருவரும் தப்பிக்க முடிவதில்லை.

கல்லை மூடிய பிறகு வந்த அந்த ஞாயிறை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு அழைப்பு வந்தது. பின்னறையில் பிள்ளைகளை அருள்செல்வி பார்த்துக்கொண்டாள். கிளாடிஸ் எழுந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. ஒரு பக்கமும் பார்க்காமல், மெதுவாக, அடிமேல் அடிவைத்து, ஒரு ராணியைப்போல் நிதானமாக நடந்து போய் முழங்காலிட்டாள்.

“நிதானமாவா?” என்கிறாள், என் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் கிளாடிஸ். “யாருங்கக்கா நிதானமாப் போனது? ஓடுனேன். முக்காடு உளுந்துபோச்சு, ஒரு செருப்பு நடுவழியில கெடந்துச்சு. நான் போய் மண்டி போட்டப்ப, ஆயரு இன்னும் அப்பத்தை மூடுன துணியையே எடுக்கலை.”